விமானிக்கு 1500 மணி நேரம், டாக்டருக்கு 25 வருஷம்: அனுபவத்தை எப்படி எடை போடுவது?

1/
விமானத்தில் ஏறி சீட் பெல்ட் போட்டு உட்காருறீங்க. "இன்றைய துணை விமானி இதுவரை மொத்தம் 250 மணி நேரம் பறந்திருக்கிறார்"னு அறிவிப்பு வருது. என்ன தோணும்? 1500 மணி நேரம் பறந்தவர் ஓட்டும் விமானத்துக்கு மாறிக்க முடியுமானு தோணும், இல்லையா?

உங்களை மாதிரிதான் அமெரிக்க நாடாளுமன்றமும் நினைச்சது. நினைச்சதை சட்டமாவும் போட்டுச்சு.

2/
"டாக்டருக்கு விமானத்தைப் பத்தி என்ன பேச்சு?"னு சிலர் கேட்பீங்க. நியாயம்தான். ஆனா ஒருத்தரோட அனுபவத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி விமானிக்கும் மருத்துவருக்கும் பொது. இரண்டு இடத்திலும் தப்பா அளந்தா போவது அடுத்தவங்க உயிர். விமானத்துறையில் இதைப் பத்தி பதினைந்து வருஷத்துக்கு மேல வெளிப்படையா சண்டை நடக்குது. அதிலிருந்து நாம கத்துக்க நிறைய இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

3/
முதலில் விதி என்னனு பார்ப்போம்.

2013 வரை அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக சேர கமர்ஷியல் லைசென்ஸ் போதும். அதற்கு 250 மணி நேரம் பறந்திருந்தால் போதும். 2013 முதல் துணை விமானிக்கும் ஏடிபி என்ற உயர்நிலை லைசென்ஸ் கட்டாயம். அதற்கு 1500 மணி நேரம், வயது 23. ஒரே விதியில் ஆறு மடங்கு உயர்வு.

இந்தியாவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். அதன் பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி முடித்து துணை விமானியாகலாம். கேப்டன் ஆக தேவையான லைசென்ஸுக்குத்தான் 1500 மணி நேரம். ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே கதைதான்.

4/
அமெரிக்கா மட்டும் ஏன் இப்படி மாறியது?

2009 பிப்ரவரி 12 இரவு. நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம், தரையிறங்க சில நிமிடங்களே இருந்த நிலையில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் இறந்தார்கள். வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார். மொத்தம் 50 உயிர்கள்.

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப வாஷிங்டன் போய் உறுப்பினர்களின் கதவைத் தட்டினார்கள். 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 1500 மணி நேர விதி பிறந்தது அந்தச் சட்டத்தில்தான்.

5/
இப்போ ஒரு விஷயம் சொல்றேன். கவனமா படிங்க.

விழுந்த அந்த விமானத்தின் கேப்டன் பறந்திருந்த நேரம் 3379 மணி. துணை விமானி 2244 மணி.

ஆமாம். இருவருமே 1500-ஐ எப்போதோ தாண்டியவர்கள். இன்றைய விதி அன்று இருந்திருந்தாலும், மணிக்கணக்கு அவர்கள் இருவரையும் உள்ளே விட்டிருக்கும்.

6/
அப்போ என்னதான் நடந்தது? அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி விவரமாக எழுதி வைத்திருக்கிறது.

விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இருவரும் கவனிக்கவில்லை. தாழ்வாகப் பறக்கும்போது பேசக்கூடாத சொந்தப் பேச்சும் நடுவில் நடந்தது. வேகம் ஆபத்தான அளவுக்கு இறங்கியதும் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு தானாக அதிர்ந்து எச்சரித்தது. அப்போது விமானத்தின் மூக்கைக் கீழே தள்ள வேண்டும். கேப்டன் மேலே இழுத்தார்.

7/
இதை ஸ்டால் என்பார்கள். காரில் இன்ஜின் நின்று போவது போல இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி இருப்பதால் இறக்கையின் மேல் காற்று ஒட்டிப் போகாது. தூக்கும் விசை போய்விடும். விமானம் விழும்.

கீழே விழும்போது கை தானாக மேலேதான் இழுக்கும். அது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றுவதற்குத்தான் பயிற்சி. ஸ்டாலைத் தடுக்க தண்டை தானாக முன்னே தள்ளும் ஒரு கருவி அந்த விமானத்தில் இருந்தது. அது தள்ளும்போது எப்படி இருக்கும் என்பதை அந்த வகை விமானத்தின் சிமுலேட்டரில் அந்தக் கேப்டனுக்குக் காட்டியதே இல்லை.

8/
இன்னும் இருக்கு.

கேப்டனுக்கு அந்த வகை விமானத்தில் இருந்த அனுபவம் சுமார் 110 மணி நேரம். அதற்கு முன் பல தேர்வுகளில் முதல் தடவை தோற்றிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது அதை முழுதாகச் சொல்லவில்லை. நிறுவனமும் முழுதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

துணை விமானி முந்தைய இரவு முழுக்க நாட்டின் மேற்குக் கோடியான சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவர். சம்பளம் மிகக் குறைவு. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும் என்று அறிக்கையே சொல்கிறது.

9/
நோயாளி வந்தா நாங்க முதல்ல கேட்பது "நோய் என்ன?" என்பதை. மருந்து அதற்கு அப்புறம்.

இங்கே நோய்கள் நான்கு: ஸ்டாலுக்கு சரியான பயிற்சி இல்லை. தோற்ற தேர்வுகளின் பதிவு நிறுவனத்தின் கைக்கு வரவில்லை. தூக்கமும் ஓய்வும் இல்லை. கவனம் சிதறியது.

இதில் எந்த நோய்க்கு "1500 மணி நேரம்" மருந்து?

10/
நியாயமாகவும் பேசணும். அதே 2010 சட்டம் மற்ற நோய்களுக்கும் மருந்து கொடுத்தது. விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய புது விதி 2014-ல் அமலுக்கு வந்தது. விமானம் முழுதாக ஸ்டால் ஆகி மீளும் வரை சிமுலேட்டரில் பயிற்சி தர வேண்டும் என்ற விதி வந்தது. விமானியின் பழைய தேர்வு முடிவுகளைப் புது நிறுவனம் பார்க்கும்படி தேசியப் பதிவேடு வந்தது.

ஆனா வெளியே யாரைக் கேட்டாலும் நினைவில் நிற்பது "1500". காரணம், எண்ணை எளிதா சொல்லலாம், சரிபார்க்கலாம். தூக்கத்தையும் கவனத்தையும் அப்படி ஒரு எண்ணில் அடைக்க முடியாது.

11/
அதே 2009-ல் இன்னும் இரண்டு சம்பவங்கள்.

ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549 பறவைக் கூட்டத்தில் மோதி இரண்டு இன்ஜினும் போனது. கேப்டன் சல்லன்பர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அவர் ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்தவர். "பார்த்தீங்களா, அனுபவம்!"னு எல்லாரும் சொன்னாங்க. உண்மைதான்.

12/
பலருக்குத் தெரியாத பாதி இது. அவர் பக்கத்தில் இருந்த துணை விமானி மொத்தக் கணக்கில் 15,000 மணி நேரத்தைத் தாண்டிய மூத்தவர். ஆனால் அந்த ஏ320 வகை விமானத்துக்குப் புதுசு. பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தார்.

அது குறையாக இருந்ததா? இல்லை. பயிற்சி மனதில் பசுமையாக இருந்ததால், இன்ஜின் நின்றால் செய்ய வேண்டிய வேலைப் பட்டியலை அவர் கையில் எடுப்பது பொருத்தமாக இருந்தது என்று கேப்டனே பின்னர் சொன்னார். பழுத்த அனுபவமும் புதுப் பயிற்சியும் அந்த அறையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

13/
ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் ஃபிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, ஆட்டோ பைலட் விலகிக்கொண்டது. விமானத்தைக் கையில் எடுத்த துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசி வரை விமானம் மீளவில்லை.

அவருடைய அனுபவம் 3000 மணிக்கு சற்றே குறைவு. 1500-ஐப் போல இரு மடங்கு.

14/
விசாரணையில் தெரிந்தது என்ன? மிக உயரத்தில் பறக்கும்போது வேகமானி பொய் சொன்னால் விமானத்தைக் கையால் எப்படிப் பிடிப்பது என்ற பயிற்சி துணை விமானிகளுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

நீண்ட தூர விமானத்தில் பெரும்பாலான நேரம் ஆட்டோ பைலட்தான் ஓட்டும். அத்தனை மணியும் விமானியின் கணக்கில் ஏறும். ஆனா அந்த இரவுக்குத் தேவையான நிமிடங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

15/
சரி, அமெரிக்காவில் 250 மணியில் லைசென்ஸ் வாங்கும் 22 வயது பையனோ பொண்ணோ மிச்சம் 1250 மணியை எங்கே சேர்ப்பாங்க?

பெரும்பாலோர் பறக்கும் பயிற்சியாளர் ஆகிறார்கள். ஒற்றை இன்ஜின் செஸ்னாவில் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து வட்டம் அடிப்பது. சிலர் கடற்கரை மேல் விளம்பர பேனரை இழுத்துக்கொண்டு பறப்பார்கள். சிலர் பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றி இறக்குவார்கள்.

நல்ல வெயில், தெளிந்த வானம், தெரிந்த ஊர்.

16/
அது வீண்னு சொல்ல மாட்டேன். மாணவர் செய்யும் தப்பை விமானம் உணரும் முன்னே உணரும் கண் பயிற்சியாளருக்கு வரும். தனியாக முடிவெடுக்கும் தைரியம் வரும். சட்டத்திலும் உள் கணக்கு இருக்கு: 1500-க்குள் இரவில் 100 மணி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 75 மணி, தானே பொறுப்பேற்று ஓட்டியது 250 மணி என்று.

ஆனா இரண்டு பேர் இயக்கும் ஜெட்டில் மேகத்துக்கும் பனிக்கும் நடுவே இறங்குவது வேற வேலை. முதல் 100 செஸ்னா மணி கற்றுக்கொடுக்கும் அளவுக்கு பன்னிரண்டாவது 100 கற்றுக்கொடுக்காது.

17/
அமெரிக்க விதியே இதை ஒப்புக்கொள்கிறது தெரியுமா? ராணுவத்தில் பறந்தவருக்கு 750 மணி போதும். விமானத்துறையில் இளநிலைப் பட்டம் படித்தவருக்கு 1000. இரண்டு ஆண்டுப் படிப்பு என்றால் 1250.

அதாவது எல்லா மணியும் ஒரே எடை இல்லைனு சட்டத்துக்கே தெரியும். அதை எப்படி நிறுப்பது என்பதில்தான் சண்டை.

18/
2022-ல் ரிபப்ளிக் ஏர்வேஸ் என்ற நிறுவனம், தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கும் ராணுவத்தினரைப் போல 750 மணி போதும் என்று சலுகை கேட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் மறுத்தது. 2024-ல் புதுச் சட்டம் வந்தபோது மணிக்கணக்கைத் தளர்த்தும் முயற்சியும் தோற்றது. 1500 அப்படியே நிற்கிறது.

நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "சலுகை கொடுத்திருக்கலாமே" என்று நான் சொல்வேன்னு நினைப்பீங்க. சொல்ல மாட்டேன்.

19/
ஏன்னா கேட்பது யார் என்று பார்க்கணும். சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் நிறுவனங்களுக்கு ஆள் பற்றாக்குறை. ஆள் சீக்கிரம் வேணும். "தரத்தை நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிறார்கள். ஆள் இல்லாமல் தவிக்கிற இடத்தில் தரத்தைப் பார்ப்பவரும் ஆளைத் தேடுபவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும்?

இது எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே தெரியும். டூட்டிக்கு ஆள் இல்லாத வாரத்தில் "இவர் தயாரா?" என்ற கேள்விக்கு "தயார்தான்" என்ற பதில் ரொம்ப சுலபமா வரும்.

அப்படி அவசரத்தில் கையெழுத்து போடவிடாமல் தடுக்கும் ஒரு சுவர் அந்த எண். மொண்ணையான சுவர். ஆனாலும் சுவர்.

20/
இன்னொரு நன்மையும் நடந்தது. 1500 மணி முடித்தவர்கள் குறைவு என்பதால் அவர்களைப் பிடிக்க நிறுவனங்கள் சம்பளத்தை ஏற்ற வேண்டி வந்தது. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, குறைந்த சம்பளத்தில் வேலைக்கு வரும் துணை விமானியின் நிலை மாறத் தொடங்கியது. விதி எழுதியவர்கள் சொன்ன காரணம் இது இல்லை. ஆனா பயணிக்கு இதுவும் பாதுகாப்புதான்.

21/
"விதி வந்த பிறகு பெரிய விபத்தே நடக்கலையே, அதுவே ஆதாரம்"னு ஒரு வாதம் உண்டு. 2009 பிப்ரவரிக்குப் பிறகு ஏறத்தாழ 16 ஆண்டுகள் அமெரிக்க நிறுவனங்களின் பயணிகள் விமானம் எதுவும் இப்படிக் கூட்டமாக உயிரைக் குடிக்கவில்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டருடன் மோதி 67 பேர் இறந்ததுதான் அடுத்தது.

டாக்டரா இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு நோயாளிக்கு ஒரே நாளில் ஐந்து மருந்து ஆரம்பித்து, அவர் குணமானால் எந்த மருந்துக்கு மாலை போடுவீங்க? ஓய்வு விதி, ஸ்டால் பயிற்சி, பதிவேடு, மணிக்கணக்கு எல்லாம் ஒன்றாக வந்தவை. 1500 விதி இல்லாத மேற்கு ஐரோப்பாவிலும் விமானப் பயணம் மிகப் பாதுகாப்பாகவே இருக்கிறது.

22/
சரி, இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வரேன்.

ஊருக்குள் நடந்தா போர்டு பார்ப்பீங்க: "25 வருட அனுபவம்". அதைப் பார்த்து நம்பிக்கை வரும். அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனா 25 வருஷமா சளி காய்ச்சலை மட்டும் பார்த்தவருக்கு வலிப்போடு வரும் பச்சைக் குழந்தையைக் கையாளும் அனுபவம் அந்த 25-ல் எத்தனை நாள் இருக்கும்? ஒரே வருஷத்தை 25 தடவை வாழ்ந்ததும் அந்த போர்டில் 25 என்றே எழுதப்படும்.

23/
2005-ல் அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. மருத்துவர் தொழிலில் இருக்கும் வருஷங்களுக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் வருஷம் கூடக் கூட எல்லா அளவீடுகளிலும் தரம் குறைந்திருந்தது.

மூத்த மருத்துவர்கள் மோசம் என்று அர்த்தம் இல்லை. வருஷம் தானாகத் தரத்தைக் கொண்டு வராது. படிப்பைப் புதுப்பிக்கணும் என்று அர்த்தம்.

24/
2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இன்னொன்று. அமெரிக்காவின் மிச்சிகனில் உடல் எடைக் குறைப்பு அறுவை செய்யும் 20 சர்ஜன்கள் தங்கள் அறுவையின் வீடியோவைக் கொடுத்தார்கள். அது யாருடையது என்று தெரியாமல் சக சர்ஜன்கள் கைத்திறனுக்கு மதிப்பெண் போட்டார்கள்.

மதிப்பெண்ணில் கடைசி கால் பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5% பேருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால் பங்கில் இருந்தவர்களிடம் 5.2%. அறிவுள்ள கண்கள் பார்த்தால் திறமை தெரியும். பார்க்கத்தான் ஏற்பாடு வேணும்.

25/
மேற்படிப்பு படிக்கும்போது நாங்களும் லாக் புக் எழுதுவோம். அதில் "பார்த்தது", "உதவியது", "மேற்பார்வையில் செய்தது", "தானே செய்தது" என்று தனித்தனியாகக் குறிக்கணும். நல்ல யோசனை. ஆனா கையெழுத்து போடுபவர் உண்மையில் பக்கத்தில் நின்று பார்த்தாரா என்பதில்தான் அந்தப் புத்தகத்தின் உயிர் இருக்கு. விமானிகள் நடுவிலும் "பேனாவில் பறந்த மணி"னு ஒரு கிண்டல் உண்டு. ரெண்டும் ஒரே வியாதி.

26/
விமானத்துறையிடம் நான் பொறாமைப்படுவது மணிக்கணக்கைப் பார்த்து இல்லை. ஆயிரக்கணக்கான மணி பறந்த கேப்டனும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரணும். இன்ஜினில் தீ, தரையிறங்கும்போது பலத்த காற்று எல்லாம் கொடுத்துப் பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் மறுபடி பயிற்சி. அதுவரை பறக்க முடியாது.

எங்களுக்கு? மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி. பெரும்பாலும் ஏசி ஹாலில் உட்கார்ந்து உரை கேட்பது. பார்த்தீங்களா, இங்கேயும் எண்ணுவது மணியைத்தான்.

27/
நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் பயிற்சியை எடுத்துக்கங்க. சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். ஆனா கைத்திறன் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கிறது என்று திரும்பத் திரும்ப ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சட்டைப் பையில் சான்றிதழ் இருக்கும், கையில் திறமை இருக்காது. அது தெரிய வருவது ஒருத்தர் மூச்சு நின்று கிடக்கும்போது.

28/
என் கருத்தைச் சுருக்கமா சொல்றேன்.

ஒன்று, குறைந்தபட்ச எண் வேணும். அது வாசல் காவலாளி. அவசரக்காரர்களைத் தடுக்கும்.
இரண்டு, அந்த எண்ணையே திறமை என்று நினைக்கக்கூடாது.
மூன்று, எண்ணைக் குறைக்க விரும்புபவர் அதைவிடக் கடினமான, வெளியாள் நடத்தும் சோதனையை பதிலுக்கு வைக்கணும். "எங்களை நம்புங்க" என்பது சோதனை ஆகாது.
நான்கு, சோதனை வேலையில் சேரும் நாளோடு முடியக்கூடாது.

இது விமானிக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும்.

29/
இதில் உங்களுக்கு என்ன வேலை? இருக்கு. விமானியிடம் போய் நீங்க கேள்வி கேட்க முடியாது. டாக்டரிடம் முடியும். அவசரமில்லாத, திட்டமிட்ட அறுவை என்றால் "எத்தனை வருஷ சர்வீஸ் சார்?" என்பதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்க:

✅ இதே அறுவையை கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்குச் செய்தீங்க?
✅ எனக்கு நீங்களே செய்வீங்களா? வேறொருவர் என்றால் நீங்க பக்கத்தில் இருப்பீங்களா?
✅ வழக்கமா என்ன சிக்கல் வரும்? வந்தால் இங்கேயே சமாளிக்க வசதி இருக்கா?
✅ என் வயசு, சர்க்கரை, இதயம் இதெல்லாம் வைத்துப் பார்த்தால் எனக்கு ஆபத்து கூடுதலா?

30/
ஒரு எச்சரிக்கை. "உங்க வெற்றி சதவீதம் எவ்வளவு?" என்ற ஒரே எண்ணை வைத்தும் முடிவு பண்ணாதீங்க. நியூயார்க் மாநிலம் 1990-களில் இதய அறுவை செய்யும் சர்ஜன்களின் இறப்பு விகிதத்தை வெளியிட ஆரம்பித்தபோது, சிலர் ஆபத்து அதிகமான நோயாளிகளைத் தவிர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கஷ்டமான நோயாளியைத் தொடாதவருக்கு 100% வெற்றி ரொம்ப சுலபம்.

31/
இந்தக் கேள்விகளைக் கேட்டால் டாக்டர் கோபப்படுவாரோனு பயப்படாதீங்க. வேலை தெரிந்தவர் பெரும்பாலும் பொறுமையா பதில் சொல்வார். சிலர் கணக்கையே எடுத்துக் காட்டுவார்கள். வயசில் இளையவர் என்பதால் மட்டும் ஒருவரை ஒதுக்கவும் செய்யாதீங்க. போன மாதம்தான் பயிற்சி முடித்து, பின்னால் மூத்தவர் ஒருவர் நிற்க, வேலை செய்யும் இளைஞர் உங்களுக்கு நல்ல தேர்வாகவே இருக்கலாம்.

32/
50 பேரை இழந்த குடும்பங்கள் கேட்டது தகுதியான ஆள் ஓட்டணும் என்பதைத்தான். சட்டம் கொடுத்த பல பதில்களில் 1500 ஒன்று. நாமும் யாரிடம் உயிரைக் கொடுக்கிறோமோ அவரிடம் வருஷத்தைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்தாமல், அந்த வருஷங்களில் என்ன செய்தார், யார் பார்த்துச் சரி சொன்னார், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டார் என்று கேட்போம்.

வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால், 29-வது பதிவில் உள்ள கேள்விகளை அவங்களுக்கு அனுப்பி வையுங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்றேன்.